ஏழாவது நிறுத்தம்: பூட்டிய வீடு

“இந்தத் தெருவுல பேய் எதாச்சும் இருக்குதாக்கா?”

பக்கத்துத் தெருப் பையன் கோகுல்ராஜ் போனும் கையுமாக வந்து இப்படிக் கேட்டபோது, ரேணுகாம்பாள் எதிர்வீட்டுப் புழக்கடை வழியாக அப்போதுதான் வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள் போலத் தன் வாசலில் நின்றிருந்தாள். அன்று அமாவாசை. ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. பாதித் தெரு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிவிடும். அப்படிப்பட்ட பட்டப்பகலில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வந்ததைப் பையன் கேட்டுவிட்டான்.

“இருக்குது,” என்றாள். வேறு என்ன சொல்வது? “அந்த வீட்டுலதான். அமாவாசைக்கு அமாவாசை நெய்யும்.”

நெய்தவள் அவள்தான். ஒரே மகள் உதயா, போளூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, “இந்தக் கையால நெய்ஞ்ச புடவை, உன் கையால நெய்ஞ்ச புடவை, ஒண்ணும் அங்க போகக் கூடாது,” என்று ரேணுகாம்பாளிடம் புருஷன் அருணகிரி சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. இப்போது உதயாவுக்கு வளைகாப்பு வருகிறது. நெசவுக்காரர் மகள் கடைப்புடவையில் மணையில் உட்கார்ந்தால், சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

எதிர்வீட்டு ஸ்வர்ணலதா மகனோடு பெங்களூருக்குப் போனபோது சாவியைக் கொடுத்து, “தறியில பாதி நெய்ஞ்ச புடவை ஒண்ணு பாவு நூலோட அப்படியே கீது, மீதிய நீயே நெய்ஞ்சி எடுத்துக்கோ ரேணு,” என்றிருந்தாள். மற்ற நாளெல்லாம் புருஷன் கண்ணெதிரே இருப்பார். அமாவாசைக்கு மட்டும் காலையில் மலையனூர் போனால் மறுநாள்தான் திரும்புவார். அந்த ஒரு நாள்தான் அவளுக்கு.

பேய் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே கோகுல்ராஜ், ஊரில் பேய் இருக்கும் இடங்களைச் சுற்றிக் காட்டப் போனில் ஒரு ஆப் செய்துவிட்டான். வழிகாட்டி யாரும் வேண்டாம். காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும், அவன் குரலே கதை சொல்லும். கோட்டை அகழியில் ஆரம்பித்து, இடிந்த லாயம், வெள்ளைக்காரன் சமாதி, பாழுங்கிணறு என்று ஒன்பது இடம். ஏழாவது இந்த வீடு.

அமாவாசைதோறும் ஆட்கள் வந்தார்கள். வேலூரிலிருந்து, சென்னையிலிருந்து, ஜோடி ஜோடியாக. காலடி கேட்டதும் ரேணுகாம்பாள் இழையைத் தட்டும் பலகையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். தறிக்குழிக்குள் தொங்கவிட்ட கால் மரத்துப் போகும். வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு, “மச்சான், பேய் லீவு போல,” என்று ஒருவன் சொல்வான். ஒரு பெண் சிரிப்பாள். அவர்கள் போனபின் பத்து இழை நெய்வதற்குள் அடுத்த கும்பல். மாலையில் பார்த்தால் அரை முழம்கூட ஏறியிருக்காது. நான்கு அமாவாசை இப்படியே போனது. பேயாக இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

போன வாரம் கோகுல்ராஜ் வந்தான்.

“ஒரே பேஜாருக்கா. சத்தம் வரலன்னு எல்லாரும் திட்டறாங்க. அந்த மொத அமாவாசைல போன்ல புடிச்ச சத்தத்தையே ஆப்ல போட்டுட்டேன். டீக்கடையில போட்டுக் காட்டினா உங்க ஊட்டு அண்ணன்கூட மூணு வாட்டி கேட்டாரு.”

ரேணுகாம்பாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னா சொன்னாரு?”

“டீயப் பாதியில வெச்சிட்டுப் போய்ட்டாரு.”

நாலு தட்டுக்கு ஒரு தரம், மிதிக்கும்போது அவள் இடது முழங்கால் மக்கர் செய்யும். பலகை ஒரு நொடி தாமதித்து விழும். இருபத்தாறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் நெய்கிற மனிதருக்கு அந்தச் சத்தம் தெரியாமலா போகும்? ஆனால் வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டார், நெய்தார், படுத்தார். அமாவாசைக் காலையில் வழக்கம்போல மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முந்தானை இன்னும் ஒன்றேகால் முழம் பாக்கி. பயந்தால் ஆகுமா? ரேணுகாம்பாள் போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

உச்சிவேளையில் தெருவில் பெண்பிள்ளைகளின் பேச்சுக் கேட்டது. நிறுத்தினாள். அதே சமயம் புழக்கடைக் கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மலையனூர் பஸ்ஸில் இருக்க வேண்டிய மனிதர், மஞ்சள் பையோடு தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“திட்டறதுன்னா திட்டுங்க,” என்றாள் மெதுவாக. “வெளிய ஆளுங்க நிக்கறாங்க, சத்தம் மட்டும் போடாதீங்க. இத அறுத்துடாதீங்க. அவளுக்கு ஏழாம் மாசம்.”

அருணகிரி புடவையைப் பார்த்தார். அரக்கு உடல், மாம்பழக் கரை. விரலால் நெய்த இடத்தைத் தடவிக்கொண்டே போனவர் கரையோரம் நின்றார். பாவில் ஒரு இழை அறுந்து தொங்கியது. அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. அப்படியே விட்டால் முந்தானை நெடுகக் கோடு விழும்.

பையைக் கீழே வைத்தார். தறிக்காலில் சுற்றியிருந்த மிச்ச நூலில் ஒரு துண்டைப் பல்லால் கடித்து எடுத்து, அறுந்த இழையோடு சேர்த்துத் திரித்து முடிந்தார். தறி அச்சின் பல்லுக்குள் நுழைத்து இழுத்துப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

சந்து வழியாக அவர் தெருவுக்கு வந்ததும் அந்தப் பெண்கள் ஓடிப்போய்க் கேட்பது உள்ளே இருந்தவள் காதில் விழுந்தது.

“அங்கிள், அங்கிள், உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

செருப்புச் சத்தம் மட்டும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.