எக்ஸ் அடித்து மறைத்த முகவரி

கவிப்ரியாவுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு ஆபீஸ். உயிர் கிடந்ததோ வேறிடத்தில். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் தட்டிய கோப்பை, இலவச மென்பொருளில் சிதறாமல் திறக்க நடுவில் ஒரு நிரல் வேண்டும். ஃபில்டர் என்பார்கள். உலகத்தின் மூலைமூலைகளிலிருந்து சில கிறுக்குகள் கூடி அதைச் சும்மா எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் டெல்லி துவாரகாவிலிருந்து சேர்ந்த கிறுக்கு இவள்.

வசுமதியின் பழைய கம்ப்யூட்டரில் அந்த இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவளும் இவள்தான். வசுமதி ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கணவன் கோபாலனின் அடி தாங்காமல், மகள் சுபிக்ஷாவைத் தூக்கிக்கொண்டு நாக்பூரிலிருந்து டெல்லிக்கு ஓடி வந்தவள். சரோஜினி நகரில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். அவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பிள்ளை போய்விடும்.

"அச்சா சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தே போ! என் மனுவைத் திறந்தாலே படுத்துக்கறது" என்று ஒருநாள் சிரித்தாள் வசுமதி. பிள்ளை தன்னிடமே இருக்கவேண்டும் என்று கோர்ட்டுக்காக ஆபீஸில் அவளே தட்டி வைத்திருந்த மனு அது.

கவிப்ரியாவுக்குக் கொண்டாட்டம். ஃபில்டரை உடைக்கிற கோப்பு லேசில் கிடைக்காது. கிடைத்தால் எல்லோரும் சோதித்துப் பார்க்க வலையில் பொதுப்பக்கத்தில் ஏற்றிவிடுவதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"பேரு, அட்ரஸு, ஸ்கூலு எல்லாத்தையும் எடுத்துட்டு எக்ஸ் அடிச்சிடுறேன்க்கா."

"பாத்துப் பண்ணுடி. அவர் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

இலவச மென்பொருளில் திருத்திச் சேமித்தால் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, உள்ளே இருக்கும் கோளாறும் போய்விடும். அதனால் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இருந்த வசுமதியின் வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கவிப்ரியா உட்கார்ந்து, வரிவரியாக எக்ஸ் அடித்துச் சேமித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் சேமித்தாகிவிட்டது. அத்தனை வேகம் ஏன் என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம் மகராசி. யோசிக்கவில்லை.

கோளாறு பிடிபட்டது. பாராட்டுகள் குவிந்தன. சில வாரம் கழித்து ஜெர்மனிக்காரன் ஒருவன் எழுதினான்: கோப்பின் வால்பகுதியில் ஒரு பெண்ணின் பெயரும் டெல்லி முகவரியும் கிடக்கின்றனவே, நிஜமானவையா?

கவிப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காசு கொடுத்து வாங்கும் அந்த மென்பொருள் சீக்கிரம் சேமிப்பதற்காக, அழித்த எழுத்தை நிஜமாக அழிக்காது. உள்ளேயே போட்டுவைத்து, காட்டாதே என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். இது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இவளுக்குத் தெரியும். அந்த மிச்சம் திரையில் வராமல் தாண்டிப்போகும் வரிகளை ஃபில்டரில் எழுதியவளே இவள்தானே! அடிப்பாவி, எழுதியவளே மறந்து தொலைத்தாயே!

கோப்பை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டார்கள். ஆனால் தேடுபொறிகள் எந்தக் குறிப்பையும் மதிப்பதில்லை, கிடக்கும் எழுத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகும். வசுமதியின் முழுப்பெயரைத் தட்டிப் பார்த்தாள். முதல் வரியிலேயே சுபிக்ஷாவின் ஸ்கூல் பெயர் வந்து நின்றது.

ஆட்டோ பிடித்து ஓடினாள். வசுமதி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கூல் விட்டு வந்தவளை, நான்தான் உன் அப்பான்னு சொல்லிக் கையைப் பிடிச்சு ஆட்டோல ஏத்திண்டு போயிட்டாராம். போலீஸ் தாணாவுல புகாரை எழுதிக்கவே மாட்டேன்னுட்டான். பாப் ஹீ தோ ஹை, அப்பன்தானேங்கறான். பெத்த அப்பன்னா என்ன வேணா பண்ணலாமா?" அழுகை முட்டியது. "அவருக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

கவிப்ரியா நின்றபடியே சொன்னாள். எல்லாவற்றையும்.

வசுமதி நம்பவில்லை. எழுந்து, கவிப்ரியா பெருமையாக அனுப்பிவைத்திருந்த அந்தக் கோப்பைத் திறந்தாள். இப்போது அழகாகத் திறந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பெயர் இருந்த இடமெல்லாம் எக்ஸ்.

"நன்னாத்தானேடி அழிச்சிருக்கே. உன்னால இல்லை. நீ அழாதே."

இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றிய அந்த ஒரு நொடிக்காகக் கவிப்ரியா தன்னையே வெறுத்தாள். அதே கோப்பை ஃபில்டர் இல்லாமல், வெறும் எழுத்தாகத் திறந்து கடைசிக்குத் தள்ளினாள். கிறுக்கல் குறிகளுக்கு நடுவே பெயர், அறை எண், ஸ்கூல், சுபிக்ஷாவின் வகுப்பு எல்லாம் பளிச்சென்று கிடந்தன.

வசுமதி படித்தாள்.

"அழிச்சாலும் உள்ள இருக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

வசுமதி போய்க் கதவைத் திறந்து, அவள் வெளியேறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.