காக்கைப்படிப் பீப்பாய்

"அம்மா, ரெண்டும் ஒரே செடி. பிழிஞ்சதும் நாமதான். அப்புறம் ஏன் ஆத்தங்கரை ஒயின் சிரிக்குது, மேல காக்கைப்படியில விளைஞ்சது மட்டும் கோவமா இருக்கு?"

மகள் ரோஸ்விதா ஆறு வயதில், பீப்பாய் ஓரத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கேட்டது அது. "கையைக் கழுவு" என்று மட்டும்தான் அன்று வால்புர்காவால் சொல்ல முடிந்தது. பதில் தெரியாத வெட்கம் அவளை விடவில்லை. அதற்குப் பிறகு இருபது அறுவடைகளில் அவள் வெயிலையும் காற்றையும் கவனித்தாள். மோசல் ஆற்றங்கரைத் தோட்டத்தில் மண் ஆழம்; ஆற்று நீரில் பட்ட வெளிச்சம் மாலைவரை இலைகளின் அடியில் அசைந்துகொண்டிருக்கும். காக்கைப்படியில் மண்ணே இல்லை, சரிந்து கிடக்கும் சிலேட்டுக்கல்தான். மூன்று மணிக்கெல்லாம் பாறையின் நிழல் விழுந்துவிடும், பக்கத்துப் பள்ளத்திலிருந்து குளிர்காற்று ஏறும். ரீஸ்லிங் திராட்சைக் குலைகள் அங்கே இரண்டு வாரம் தாமதித்தே பழுத்தன. புளிப்பை விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்த ஒயின் மூன்று வருடம் முகம் கொடுக்காது. பிறகு ஒருநாள் நனைந்த கல்லின் வாசனையோடு வாய் திறக்கும், கடைசியில் நாக்கில் உப்பு தங்கும்.

இருபதாவது அறுவடை முடிந்த வருடம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் ஹார்ட்விக், ஆற்றங்கரை ஒயின், மலைச்சரிவின் ஒயின் எல்லாம் இனி ஒரே தொட்டிக்குத்தான் என்றான்.

"சர்க்கரை அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான் அக்கா. கருவி பொய் சொல்லாது."

"கருவிக்கு நாக்கு இருக்கா தம்பி?"

கிடங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"தொட்டியில ஊத்தினா அந்த நிலத்தை நான் இன்னிக்கே விட்டுடறேன். எந்த நிலத்து ஒயின்னே தெரியாமப் போறதுக்கா அந்தச் செங்குத்துல முட்டி தேய ஏறினேன்?"

"சரி. மூணு கோப்பை வைக்கிறேன், ஒண்ணுல மட்டும் உங்களுது. உங்களைத் தவிர ஊர்ல ஒருத்தர் உங்க பீப்பாயைக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சா அது தனியாவே இருக்கட்டும்."

முதலில் குடித்த இருவரும் தவறாகச் சொன்னார்கள். மீதி இருந்தது பக்கத்து நிலத்துக்காரர் செவெரின் மட்டும்தான். எல்லைச் சுவர்த் தகராறில், பதினோரு வருடங்களுக்கு முன் கோயில் வாசலில் அவரைத் திருடன் என்று சொன்னவள் வால்புர்கா. சுவரை நகர்த்தியது மழைதான் என்று பிறகு தெரிந்தும் மன்னிப்புக் கேட்காதவள். காக்கைப்படி கைவிடப்பட்டால், அதை ஒட்டி நிலம் வைத்திருக்கும் அவருக்குத்தான் அது போகும். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும்.

செவெரின் மூன்றையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நடுவுல இருக்கறது. மூணு மணிக்கு வெயில் போயிடற இடம். வாயில தெரியுதே."

ஹார்ட்விக் அவளது பீப்பாயில் சாக்கட்டியால் 'தனி' என்று எழுதினான். அவள் கிடங்கு வாசற்படியில் செவெரினை வழிமறித்தாள்.

"செவெரினண்ணே..."

"ஒயினைப் பத்தித்தான் சொன்னேன். உன்னைப் பத்தி இல்ல."

ஜூனில் பெருமழை அடித்துச் செவெரினின் சரிவிலிருந்த சிலேட்டை எல்லாம் கீழே பாதையில் கொண்டுவந்து கொட்டியது. வேர்கள் வெளியே தெரிந்தன. அவருக்கு முதுகு போய்விட்டது, மகன் நகரத்தில். உதவட்டுமா என்று கேட்டால் மறுப்பார் என்று வால்புர்காவுக்குத் தெரியும்.

நற்கருணைப் பவனி என்னும் தேவாலய ஊர்வல நாளன்று ஊர் முழுக்கக் கொடி பிடித்துக் கிளம்பியது. ஒரு வருடமும் தவறாத அவள் மட்டும் அன்று போகவில்லை. பாதையில் கிடந்த கல்லை முதுகுக்கூடையில் நிரப்பிக்கொண்டு செவெரினின் சரிவில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கீழே பாட்டு நின்று ஆசீர்வாத மணி அடித்தபோது கூடையோடு அப்படியே முழங்காலிட்டாள். இங்கே இருப்பதற்காக ஆண்டவர் கோபிப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கூடையை வேர்களைச் சுற்றிப் பரப்பி, தன் காலடித் தடங்களைக் கையால் கலைத்தாள். புதிதாகப் போட்ட கற்கள் மட்டும் ஈரத்தில் கறுத்துத் தனியாகத் தெரிந்தன. வெயில் ஏற ஏற, ஒவ்வொன்றாக மற்றக் கற்களின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.