அறுபது

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து நர்மதா துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா பீரோவைத் திறந்து ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“ஐஸ் பெட்டி வர ஒரு மணி நேரம் ஆவுமாம்” என்றாள் நர்மதா.



காலை ஆறரைக்குப் பல் துலக்கப் போன அப்பா குழாயடியிலேயே சரிந்துவிட்டார். தண்டையார்பேட்டையின் அந்தச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. நாற்காலியில் வைத்துத் தெருமுனைவரை தூக்கிப்போனார்கள். வண்டியில் ஏற்றுமுன்பே முடிந்திருந்தது.

இது இரண்டாவது தடவை. எட்டு மாதம் முன்பு வந்த பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயின. ஐஸ் பேக்டரி மெக்கானிக்காக ஊரைக் கூட்டிப் பேசியவருக்கு ஐந்தாறு சொற்களே மிஞ்சின. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள் என்று, பரணில் கிடந்த டிவி கேமை நர்மதா இறக்கிக் கொடுத்தாள். அவள் ஒன்றாவது படிக்கும்போது பர்மா பஜாரில் வாங்கியது. அப்பா தினமும் ஆடினார். மூன்றாவது ஸ்டேஜில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வலது கட்டைவிரல் பட்டனை அழுத்துவதற்குள் பொம்மை விழுந்துவிடும். மூன்று உயிரும் அங்கேயே போகும்.

உயிர் குறையாமல் ஆடவைக்கும் குறுக்குவழிக் கருவி ஒன்றை நர்மதா நெட்டில் கண்டுபிடித்தாள். மிஷினில் அதைச் செருகி, அதன் மேல் கேசட்டைச் செருக வேண்டும். வாங்குமுன் போட்டோவைக் காட்டினாள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, “அறுபது” என்றார்.

“இன்னாப்பா அறுபது? ரூவாவா?”

இல்லையென்று தலையாட்டினார். “அறுபது. அறுபது.”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள். “மாசில அறுபது முடியுதில்ல, அத்த சொல்றாரு. அறுபதாங் கல்யாணம்.” அப்பா இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டார். அம்மா சிரித்தாள். “அவசரத்தப் பாரேன்.”

கருவி வந்தது, பொருந்தவில்லை. நர்மதா அழுத்திப் பார்த்தாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டு மறுபடி அதே சொல்லைச் சொன்னார். அதற்குள் அம்மா திருவொற்றியூர் கோயிலில் நாள் கேட்டுவிட்டு வந்திருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு நடந்தது அவர்கள் கல்யாணம். முப்பது வருடத்தில் அப்பா அவளிடம் இது வேண்டும் என்று ஒன்றும் கேட்டதில்லை.

பத்து மணிக்கு எத்திராஜ் மாமா வந்தார். அப்பாவோடு பேக்டரியில் வேலை பார்த்தவர். அந்த டிவி கேமில் அவரோடு ஜோடி சேர்ந்து ஆடியவரும்கூட. கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டிவி பக்கம் திரும்பி, அதன்மேல் கிடந்த கருவியைக் கையில் எடுத்தார்.

“இத்த யாரு வாங்குனது?”

“நாந்தான் மாமா. பூரல. ராங் பீஸ் அனுப்பிட்டான் போல.”

“பீஸு கரீட்டுதான். வெளிநாட்டு மிசினுக்குச் செஞ்சது. அதுல எழுவத்திரண்டு பின்னு. நம்ம பஜார் மிசின்ல அறுபதுதான். நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டா உக்காந்திருக்கும்.” கருவியின் அடியைத் திருப்பிப் பின்களின் வரிசையைக் காட்டினார். “உங்கப்பன் எத்தினி கேசட்டப் பிரிச்சுத் தொடச்சிகீறான். அவனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பானே.”

நர்மதா அந்தப் பித்தளைப் பற்களைப் பார்த்தாள்.

“சொன்னாரு மாமா.”

பின்னால் அம்மா பக்கத்து வீட்டு மங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். “பேச்சே போச்சு. ஆனா அத்த மட்டும் சொல்லிகினே இருந்தாரு மங்க. அறுபது, அறுபதுன்னு. என்னிய இன்னொருவாட்டி கட்டிக்கணும்னு அம்மாம் ஆச.” நர்மதாவின் பக்கம் திரும்பினாள். “நீயும் கேட்டல்ல?”

எத்திராஜ் மாமா நிமிர்ந்தார். அவர் வாய் திறக்கப்போவது தெரிந்தது. நர்மதா அவர் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டாள்.

“ஆமாம்மா” என்றாள். “தெனமும் சொன்னாரு.”

மாமா அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அம்மா பையைப் பிரித்தாள். உள்ளே அரக்குக் கரை போட்ட பட்டு வேட்டி. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து அதன் ஒரு முனையில் தடவினாள்.

“இதுக்கெல்லாம் மஞ்ச வெக்கமாட்டாங்க அக்கா” என்றாள் மங்கை தணிந்த குரலில்.

அம்மா மற்ற மூன்று முனைகளிலும் தடவினாள். எழுந்து வேட்டியை நீட்டினாள். நர்மதா ஒரு பக்கம் பிடித்தாள். எத்திராஜ் மாமா மறுபக்கம் பிடித்தார். ஈரம் காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே இருவரும் அதை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள்.