ஹுமைது வாங்க நினைத்த ரிவால்வர்

குறி பிசகத் தொடங்கியபோது ஹுமைது தன் பழைய பிஸ்டல் மேல்தான் பழியைப் போட்டார். இத்தனை வருஷம் உழைத்துத் தேய்ந்துவிட்டது, இனி அதை நம்ப முடியாது என்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அஜ்மானில் வீடு கட்டி உட்கார்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம், வாரத்தில் ஒரு நாள் தைது சாலையில் பாலைக்குள் இருக்கும் சுடும் கிளப்புக்குப் போய் வருவது. பெரிய தோட்டா போடுகிற ரிவால்வராக ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது, கனமான துப்பாக்கி கையில் ஆடாமல் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கை ஏன் ஆடுகிறது என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் அவருடைய மகன் ராஷித். இன்னொருத்தி வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் சுபிஷா.

சுபிஷா குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. நாக்பூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததில் இந்தி நன்றாக வரும்; அப்பாவும் மகனும் அவளோடு பேசியது அதில்தான். கணவன் ஜெனோ தோஹாவில் ஏசி டெக்னீஷியன். ஏஜென்சி அவளை இந்த வீட்டுக்கு அனுப்பிய முதல் நாளே ராஷித் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

"ஜெர்மனியில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் சிஸ்டர். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகிற வியாதி. மருந்து கிடையாது. அப்பாவிடம் கழுத்தெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்ல வேண்டும்." சற்று நிறுத்தி, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. புரிகிறதா?" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது. சுபிஷா தலையாட்டினாள். அந்த நேரத்தில் அது பெரிய பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை. கூடிப்போனால் மகனுடைய பொய், தன்னுடையது இல்லை என்று நினைத்தாள்.

ஜனவரியில், வெயில் இதமாக இருந்த ஒரு காலையில் அவளையும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டி ஓட்டியவர் கலீலுர் ரஹ்மான், காயல்பட்டினத்துக்காரர், அந்த வீட்டில் பழைய டிரைவர். கிளப்பில் சுடுமிடத்துக்குப் பொறுப்பாளர் கௌஸ் முகம்மது என்ற ஹைதராபாத்காரர். ஒரு மேஜையில் பச்சைத் துணி விரித்து இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தார். கடைக்காரன் சுட்டுப் பார்க்கக் கொடுத்தனுப்பியவை. இரண்டும் நாற்பத்து நான்கு மேக்னம் என்ற பெரிய தோட்டா போடுபவை. இரண்டும் வெள்ளி நிறம், ஆறு தோட்டா, ஏறக்குறைய ஒரே நீளக் குழல்.

"எதை வாங்கலாம், நீ சொல்லு சிஸ்டர்," என்றார் ஹுமைது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது பாபா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். ஒன்று சற்று மெலிந்தது, விசை வழுக்கிக்கொண்டு போகும். மற்றது தடித்த உடம்பு, அம்மிக் குழவியைத் தூக்கியது போல மணிக்கட்டை இழுத்தது. "வெடிக்கும்போது பின்னால் உதைக்கும் பார், அந்த உதையைக் கனமானது தானே விழுங்கிக்கொள்ளும். மெலிந்தது அப்படியே நம் கைக்குக் கொடுத்துவிடும். ஆனால் மெலிந்ததைத் தூக்கிப் பிடிப்பது சுலபம். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதுதான் கணக்கு."

காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள் சுபிஷா. ஒவ்வொரு வெடியும் அவள் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. அன்று கனமானதுதான் ஜெயித்தது. காகிதத்தில் ஓட்டைகள் நெருக்கமாக விழுந்திருந்தன. அதையே வாங்குவதாகச் சொன்னவர், எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

வீட்டில் அதே பேச்சுதான். காலையில் கைப்பயிற்சி செய்யும்போதும் பேரீச்சம்பழம் தின்னும்போதும் ரிவால்வர். இரண்டு தண்ணீர் பாட்டில்களில் ஒன்றை நிரப்பியும் ஒன்றைக் கொஞ்சம் குறைத்தும் நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். நிரம்பிய பாட்டில் தாழ்ந்துகொண்டே வரும். அவர் சட்டைக் கைக்குக் கீழே தோல் சின்னச் சின்னதாகத் துடிப்பதைச் சுபிஷா பார்ப்பாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அடுத்த தடவை கனமானதன் குழல் நாலாவது வெடியிலேயே தாழ்ந்துவிட்டது. கடைசி இரண்டு தோட்டாக்கள் காகிதத்துக்குக் கீழே மண்ணில் புதைந்தன. "எனக்கு மெலிந்ததுதான் சரி. போன தடவை ஏமாந்துவிட்டேன்," என்றார்.

அதற்கும் அடுத்த தடவை, மெலிந்தது அவர் பிடியிலிருந்து துள்ளி நெற்றியை உரசிவிட்டுப் போனது. பின்பக்கத்துச் சுத்தியலைப் பெருவிரலால் இழுக்க முடியவில்லை. இடது கையைக் கொண்டுவந்து இழுத்தார். இழுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ கனமானதே," என்றார். குரலில் தெம்பு இல்லை.

"சாப், போன வாரம் அது, இந்த வாரம் இது. துப்பாக்கி ரெண்டும் அப்படியேதான் இருக்குது," என்று சிரித்தபடி சொல்லிவிட்டார் கௌஸ். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹுமைது சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று அவரை வீட்டில் இறக்கிவிட்டு, மருந்து வாங்கக் கடைக்குப் போகும் வழியில் கலீலுர் ரஹ்மான் வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை எப்படிக் குழி விழுந்து கெடக்குன்னு பாத்தியளா? கழுத்தெலும்புன்னு சொல்றாங்க. கழுத்து வலின்னு ஒரு நாளாவது அந்த மனுசன் சொல்லி நான் கேட்டதில்ல."

"எனக்குத் தெரியாது காக்கா," என்றாள். அவர் ஊரில் அண்ணனைக் கூப்பிடும் முறை அது.

"சரிம்மா," என்றார் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை. தெரியாது என்று அவளும் சொல்லியாகிவிட்டது. இனி அது மகனுடைய பொய் மட்டும் இல்லை.

நாலாவது தடவை போனபோது ஹுமைது அற்புதமாகச் சுட்டார். மெலிந்ததை எடுத்தார், நெருக்கமாக விழுந்தது. கனமானதை எடுத்தார், அதுவும் நெருக்கம். துப்பாக்கி மேலே துள்ளவே இல்லை. "பார்த்தாயா, பயிற்சி வேலை செய்கிறது!" என்று கண்ணாடிப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சுபிஷாவும் கைதட்டினாள். அப்படி நடக்க வழியே இல்லை என்று தெரிந்தும், தன்னையறியாமல் தட்டினாள்.

ஆனால் அவர் பட்டாளத்து ஆள். கை மறந்தாலும் தோள் மறக்காது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. ரிவால்வரைத் திறந்து காலித் தோட்டாக் கூடுகளைக் கொட்டினார். பக்கத்தில் மற்றவர்கள் சுட்ட பழைய கூடுகளைப் போடும் வாளியிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, இரண்டையும் மேஜைமேல் ஒட்டி நிறுத்தினார். ஒரே பருமன். அவர் சுட்டது கொஞ்சம் குட்டை.

"கௌஸ்."

கௌஸ் முகம்மது பக்கத்தில் வந்து நின்றார்.

"மருந்து குறைவான தோட்டாவை எனக்குப் போட்டது யார்?"

கௌஸ் தரையைப் பார்த்துக்கொண்டே, "ராஷித் சாப் போன் பண்ணினார். அப்பா மனசு உடைஞ்சு போறார், கொஞ்சம் லேசானதாப் போடுங்கன்னார். அந்தக் குட்டைத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலயும் போகும், ஆபத்து இல்ல. அதான்... மன்னிச்சிடுங்க சாப்," என்றார்.

ஹுமைது அவரைத் திட்டவில்லை. இரண்டு கூடுகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தகரக் கூரை நிழலில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்து சுபிஷாவைக் கூப்பிட்டார். உள்ளங்கையைத் திறந்து கூடுகளைக் காட்டினார்.

"என் மகன், கௌஸ். இன்னும் யார்? நீயுமா?"

அவள் கூடுகளைப் பார்த்தாள்.

"கழுத்தெலும்பு இல்லை, இல்லையா?"

ராஷித் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. பத்தடி தூரத்தில், மேஜைமேல் இரண்டு ரிவால்வர்கள் கிடந்ததும் நினைவிருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்லை பாபா," என்றாள்.

அவர் ஒன்றொன்றாகக் கேட்டார். அவள் ஒன்றொன்றாகச் சொன்னாள். வியாதியின் பெயர். குணமாகுமா? ஆகாது. கைக்கு அப்புறம்? கால். அப்புறம் பேச்சு, விழுங்குவது. கடைசியில் மூச்சு. புத்தி? புத்திக்கு ஒன்றும் ஆகாது, கடைசிவரை எல்லாம் தெரியும். இதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. தூரத்தில் ஒட்டகக் கூட்டமொன்று சாலையைக் கடக்க நின்றிருந்தது. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒட்டகங்கள் கடந்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து உள்ளே போனார். "சரியான தோட்டா எடு," என்றார் கௌஸிடம். கௌஸ் சுபிஷாவைப் பார்த்தார். "அவளைப் பார்க்காதே. தோட்டா எடு."

அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹுமைது இரண்டு ரிவால்வர்களையும் மறுபடி சுட்டார். இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் மேஜைமேல் முழங்கையை ஊன்றி இளைப்பாறி, அவசரமே இல்லாமல் சுட்டார். முக்கால்வாசி காகிதத்தில் படவே இல்லை. அவர் காகிதத்தைப் பார்க்கவும் இல்லை. முடித்ததும் கனமானதன்மேல் கையை வைத்தார்.

"இதுதான். கடைக்காரனிடம் சொல்லி என் பெயரில் லைசென்ஸுக்குப் போடச் சொல்."

"சாப்..." என்று இழுத்தார் கௌஸ்.

"உடம்பு நன்றாக இருந்தால் நான் எதை வாங்கியிருப்பேன் என்றுதான் இத்தனை வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் வாங்கியிருப்பேன். கலாஸ், முடிந்தது."

வீட்டில் ராஷித் காத்திருந்தான். கௌஸ் போனில் சொல்லியிருக்க வேண்டும், அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. ஹுமைது நேராகத் தன் அறைக்குப் போய், துப்பாக்கி அலமாரியின் சாவியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். "இதற்குத்தானே பயந்தாய்? வைத்துக்கொள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று இத்தனை வயதில் உனக்குத் தெரியவில்லை," என்றார். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஏஜென்சியிலிருந்து போன் வந்துவிட்டது. பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். ராஷித் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கலீலுர் ரஹ்மான்தான் அவளை துபாயில், அல் குசைஸில் இருந்த ஏஜென்சி ரூமில் கொண்டுபோய் விட்டார். "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சரின்னும் சொல்லத் தெரியலம்மா," என்றார் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு.

அன்று ஜெனோவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னாள். "உனக்கு என்னத்துக்கு இந்த வேல? மகன் சொன்னதச் செஞ்சிட்டு இருந்திருக்கலாம்லா," என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏஜென்சி கொஞ்ச நாள் சும்மா உட்கார வைத்துவிட்டு, பிறகு சோனாப்பூரில் லேபர் கேம்ப்களுக்கு நடுவே இருந்த ஒரு கிளினிக்குக்கு அவளை அனுப்பியது. கட்டட வேலையில் கை நசுங்கியவர்கள், வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், காலில் ஆணி ஏறியவர்கள். ஓயாத வேலை. எப்போதாவது கலீலுர் ரஹ்மான் போன் பண்ணுவார். லைசென்ஸ் வந்துவிட்டதாம். ரிவால்வரைக் கிளப்பிலேயே பூட்டி வைத்துவிட்டார்களாம். ஹுமைது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பிறகு, கரண்டி பிடிக்க முடியவில்லை என்றார். பிறகு, சக்கர நாற்காலி. பிறகு, பேசினால் புரியவில்லை என்றார். அடுத்த வருஷம் கோடையில், கலீலுர் ரஹ்மான் போன் பண்ணி "சிஸ்டர்" என்று மட்டும் சொன்னபோதே, ஹுமைது போய்விட்டார் என்று சுபிஷாவுக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்த பிறகு ஒரு மத்தியானம் ராஷித் கிளினிக்குக்கு வந்தான். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட அரபி ஆள் உள்ளே வந்ததும் பெஞ்சில் இருந்த வேலையாட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் கையமர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"உன்னைத் திட்டத்தான் வந்தேன்," என்றான்.

அவள் கையில் பஞ்சோடு நின்றாள்.

"பேச்சு இருந்தவரைக்கும் அப்பா கலீலிடம் பேசினார். தோட்டக்காரனிடம் பேசினார். என்னோடு பேசவில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுவார், பேச மாட்டார். நீ சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சில மாசமாவது எனக்கு அப்பா இருந்திருப்பார்."

"அவர் கேட்டார் சார்," என்றாள் சுபிஷா. இத்தனை நாளும் தான் செய்தது சரி என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்ததெல்லாம் அவன் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால் மறுபடி அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் வேறு பதில் தன் வாயில் வராது என்றும் தெரிந்தது.

ராஷித் தலையாட்டினான். வந்ததுபோலவே எழுந்து போய்விட்டான். வெளியே அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அடுத்து உட்கார்ந்திருந்தவன் ஒரு பீகார்ப் பையன். பாதத்தில் காயம். அவள் மருந்து வைத்துக் கட்டுத் துணியைச் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். "சிஸ்டர், இறுக்குது," என்றான் அவன். அவள் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை சொல்லி அவன் காலை இழுத்துக்கொண்டபோதுதான் குனிந்து பார்த்தாள். முழுதும் அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து தளர்த்திக் கட்டினாள்.