சீட்டில் இருந்த பெயர் ரமா

1.

ஒரு கதவை என் முகத்தில் சாத்தினார்கள். இந்தக் கதை அங்கிருந்துதான் கிடைத்தது. கோபம் தீர்ந்த பிறகு எழுது, நன்றாக வரும் என்றான் நண்பன் ஆண்டனி. தீர்ந்துவிட்டால் எதற்கு எழுத வேண்டும்?

முதல் தொடக்கம்: 2011, ஹைதராபாத். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வானம் மூட்டமாக—

அடித்துவிட்டேன். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: மனித மனம் என்பது ஆழம் காண முடியாத—

இதையும் அடித்துவிட்டேன். மனம் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குத் தருகிற மருந்தை ரத்தத்தில் அளக்க முடியும். அளக்கிறவன் நான்.

2.

உப்பல் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை. சர்க்கரை பார்க்கப் பொய்ப் பெயரில் வந்தவரை நான் கண்டதில்லை. லித்தியம் அளவு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்ப் பெயரில்தான் வருவார்கள். மனநல மருத்துவர் கொடுத்த சீட்டின் தலைப்பை, தங்கள் பெயரோடு டாக்டர் பெயரும் போகும்படி, கிழித்துவிட்டுக் கொண்டுவருவார்கள். நாங்களும் ஒன்றும் கேட்பதில்லை. சொன்ன பெயரை எழுதிக்கொள்வோம்.

காலை ஏழு மணிக்கு ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள்.

"பேரு?"

"ரமா. முப்பது வயசு," என்றார் அம்மா.

பெண் கையை நீட்டினாள். கை நடுங்கியது.

"அண்ணா, கருப்பாகாம குத்துங்க. இன்னைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

"ரோகிணி, வாயை மூடிட்டு இரு," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடும்மா. இந்த டெஸ்டுக்கு வர்ற எல்லாருமே ரமாதான். இல்லண்ணா?"

சிரித்துவிட்டேன்.

"நேத்துலேர்ந்து கை ஆடுது. ரெண்டு தடவை வாந்தி. லெவல் ஏறியிருக்குமோன்னு எனக்கு டவுட்டு. சாஃப்ட்வேர்ல டெஸ்டர் நான். தப்பு இருந்தா மூக்குல ஏறிடும்."

"பல்வலிக்கு நாலு நாளா மாத்திரை போடறா. அதுல வயிறு கெட்டிருக்கு, அவ்ளோதான்," என்றார் அம்மா.

(இந்த வாக்கியம் காதில் விழுந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை என்று எந்த எழுத்தாளனாவது சொன்னால் அவனை அறைவேன்.)

3.

கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ரோகிணிக்கு இருப்பது பைபோலார், இருமுனைக் கோளாறு. சில வாரம் தூக்கமே இல்லாத உச்சம், சில வாரம் படுக்கையை விட்டு எழ முடியாத பள்ளம். லித்தியம் என்பது ஓர் உப்பு. அளவோடு இருந்தால் இரண்டையும் அடக்கிவைக்கும், அளவு மீறினால் விஷம். பல்வலிக்குப் போடுகிற சில மாத்திரைகள் சிறுநீரகத்தில் அதைத் தடுத்து உடம்பிலேயே தங்க வைத்துவிடும். இது டாக்டர்களுக்குத் தெரியும். கேட்கவும் செய்வார்கள். பல் டாக்டர் கேட்டிருக்கிறார்: "வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?" இல்லை என்றிருக்கிறார் அம்மா கனகம். பல் டாக்டர் அதே காலனிக்காரர்.

அப்பா நாராயணஸ்வாமிக்கு மத்திய அரசு ஆலை ஒன்றில் வேலை, மௌலா அலி பக்கம் குவார்ட்டர்ஸ். ஆலை டிஸ்பென்சரியில் எல்லா மருந்தும் உண்டு. ரிஜிஸ்டரில் ஏறிவிடும் என்று அவர் செகந்திராபாத் போய் வாங்குவார். மாத்திரைப் பட்டையைப் பிரித்து வைட்டமின் பாட்டிலில் போட்டுவைப்பார். இதெல்லாம் கனகம் அம்மா பிறகு அழுதுகொண்டே சொன்னது.

அந்த மனிதரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். முடியவில்லை. ரோகிணியின் கம்பெனியில் மன அழுத்தத்தை வெல்வோம் என்று சுவரெல்லாம் போஸ்டர், பிசைந்து அழுத்தம் தீர்க்க ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து. அதே கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டுத் தாளில் மனநோய்க்கு இடமில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி. இரண்டு வருடம் முன்பு அவள் மூன்று மாதம் படுத்தபோது, "மஞ்சள் காமாலைன்னு போட்டுடு, உனக்குத்தான் நல்லது" என்றாராம் மேனேஜர்.

நான் செங்கல் சூளையில் வளர்ந்தவன். அங்கே ஒருவனுக்குப் புத்தி பிசகினால் சூளைக்கே தெரியும். மருந்துதான் கிடையாது, கட்டிப்போடுவார்கள். இங்கே மருந்து வந்துவிட்டது. அது வேலையும் செய்கிறது. அதைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

4.

பதினோரு மணிக்கு ரிசல்ட். 2.3. ஒன்று புள்ளி இரண்டுக்கு மேலே போகக் கூடாது.

"திரும்ப ஓட்டு," என்றார் எங்கள் டாக்டர் ரோஸ்லின். மறுபடியும் 2.3.

"உடனே போன் பண்ணு. வலிப்பு வரும், கிட்னி போகும். இப்பவே அட்மிட் பண்ணியாகணும்."

கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன்.

"ரமாவா? எவரண்டி? இதி மெஸ். டிபன் அயிபோயிந்தி."

எண்ணும் பொய். யாரோ நடத்தும் மெஸ், டிபன் தீர்ந்துவிட்டதாம். சீட்டில் டாக்டர் பெயரும் இல்லை. கையில் இருந்தது, அம்மா வாய்தவறிச் சொன்ன ஒரு பெயர். பிறகு, அவர் கைப்பையில் தொங்கிய ஆலைக் குடியிருப்பின் கேட் பாஸ். பைக்கை எடுத்தேன்.

[இங்கே ஒரு பக்கத்துக்கு டிராஃபிக் வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் கை அங்கே நடுங்கிக்கொண்டிருக்கிறது.]

5.

"தமிழ்க்காரங்க, பொண்ணு பேரு ரோகிணி, சாஃப்ட்வேர்," என்றேன் கேட்டில்.

"ஹவ், ஆமா, நாராயணஸ்வாமி சாப்," என்றார் காவலாளி. "சி பிளாக். நீங்களும் பொண்ணு பார்க்கவா? கார் வந்து அரை மணி ஆச்சு பாய்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தலைக்குக் கொஞ்சம் சரியில்லாத பொண்ணு. பாவம், நல்ல பொண்ணு."

எந்தக் காலனிக்குத் தெரியக் கூடாது என்று அந்த மனிதர் செகந்திராபாத் போனாரோ, அந்தக் காலனியின் கேட்டுக்கே தெரிந்திருக்கிறது.

கதவைத் திறந்தவர் நாராயணஸ்வாமி. பட்டு வேட்டி.

"லேப்லேர்ந்து வர்றேன் சார். உங்க பொண்ணு காலையில..."

"அப்படி யாரும் இல்ல. ராங் அட்ரஸ்."

சாத்தினார். உடைகிற மாதிரி தட்டினேன். வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க கால்ல விழறேன். ஒரு மணி நேரம். அவங்க கிளம்பினதும் நானே கூட்டிட்டு வர்றேன்."

"அதுக்குள்ள வலிப்பு வந்தா?"

அவர் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சிரித்தது.

"பொண்ணுக்கு என்னா கூச்சம் பாருங்க! காப்பி தட்டுல சிந்துது, கை அப்படி நடுங்குது."

"ரோகிணி!" என்று கத்தினேன்.

அவள் அப்பாவின் கையை விலக்கிக் கதவைத் திறந்தாள். நடை தள்ளாடியது. நாக்கு குழறியது.

"எவ்ளோண்ணா?"

"ரெண்டு புள்ளி மூணு."

"என்னது ரெண்டு புள்ளி மூணு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"லித்தியம், ஆன்ட்டி. எனக்கு பைபோலார்." பிறகு, "அப்பா, வழி விடுங்க. நான் ஆஸ்பத்திரி போகணும்."

தெருவில் ஆட்டோவை நிறுத்தி ரோகிணியை ஏற்றினேன். கனகம் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்து கூடவே ஏறினார். நான் பைக்கில் பின்னால் போனேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நாராயணஸ்வாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

6.

முடிவு ஒன்று: ஆட்டோவிலேயே அவள் உயிர்—

எழுத மாட்டேன். நம் கதைகளில் இந்த நோய் வந்த பெண்ணைக் கொன்றுவிடுவது எல்லோருக்கும் வசதி. இரண்டு சொட்டுக் கண்ணீர், கணக்கு முடிந்தது.

முடிவு இரண்டு: மாப்பிள்ளை தன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரைந்து வந்து—

அவன் வரவில்லை. கேசரித் தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தேன்.

(நானும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கேலி செய்கிறவர்கள் செய்யலாம்.)

மூன்றாவது முடிவு, அதாவது உண்மையில் நடந்தது, எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை இருந்தேன். அவள் ரத்தத்தை மறுபடி எடுத்தபோதும் இருந்தேன். ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஆண்டனி, அவன் மனைவி, பாலாநகரில் பக்கத்து வீட்டு உமாசங்கர் சார், ஒரு பத்திரிகை ஆசிரியர். நால்வரும் படித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள். படித்துமுடித்து நால்வரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அப்புறம் அந்தக் கல்யாணம் நடந்துச்சா?"

அவள் பிழைத்தாளா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் ஐந்தாவது ஆள். கேளுங்கள்.