காது கிழிந்த சிறுத்தை

தயாநிதி சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வந்ததும் சாப்பாட்டுக் கோப்பையோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவான். ஸாம்பியாவில், லுவாங்வா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மரங்களில் கட்டிய தானியங்கிக் கமராக்கள் எடுத்த படங்கள் வந்து குவிந்திருக்கும். எந்தப் படத்தில் என்ன விலங்கு என்று குறித்து அனுப்ப வேண்டும். ஓர் ஆய்வுக் குழுவுக்காக அவன் விரும்பிச் செய்கிற தொண்டு.

முக்கால்வாசிப் படங்களில் வெறும் புல்தான். அதையும் அவன் அவசரமாகத் தள்ளமாட்டான். புல் எப்போது பொன்னிறமாகும், யானைகள் எந்த மாதம் ஆற்றைக் கடக்கும் என்பதெல்லாம் நான்கு வருடத்தில் அவனுக்கு அத்துப்படி.

போன மாரியோடு காணாமற்போன, காது கிழிந்த பெண் சிறுத்தையைக் குழு இறந்ததாக எழுதிவிட்டது. மாசி மாதம் ஒரு படத்தின் ஓரத்தில் பின்தொடை மட்டும் தெரிந்தது. தயாநிதி பழைய படங்களை எடுத்து, மூன்று நாள் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதினான்: "இது அவள்தான்."

குழுவிலிருந்த வேணுகா வின்டர்தூரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சுவிஸிலேயே பிறந்து வளர்ந்த ஆய்வாளர்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. அவளேதான்! ஆனியில நாங்கள் அங்க போறம். எங்களோட வாங்கோவன், செலவு குழுவின்ர."

அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஓம்... கேட்டுப் பாக்கிறன்" என்றான்.

அவனிடம் இருந்தது எஃப் அட்டை. தற்காலிகமாகத் தங்கத்தான் அனுமதி. வெளிநாடு போக விசேட காரணம் வேண்டும். குடிவரவு அலுவலகத்துப் பெண் படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள். "தெசொலே, மொசியூ." மன்னியுங்கள் ஐயா என்றபோது உண்மையிலேயே வருந்தினாள். ஒரு சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்பது காரணமாகாது.

"இந்த முறை ஏலாது, தங்கச்சி" என்று வேணுகாவிடம் சொன்னான். பிறகு, அவள் ஆறுதல் சொல்லத் தொடங்குமுன், "ஒரு கமராவை வடக்குப் பக்கம் மாத்துங்கோ. காய்ஞ்ச ஓடையில ஒரு மரம் விழுந்து கிடக்கு. அதுக்குக் கீழ மணல் குளிர். அவளுக்குக் குட்டி இருந்தா அங்கதான் வைச்சிருப்பாள்."

"அந்த இடம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மான் எல்லாம் அந்த இடம் வந்தவுடன சுத்திப் போகுதுகள். படங்களில பாத்தனான்."

ஆடியில் படங்கள் வந்தன. பதினேழாவது படத்தில் அவள் நின்றாள், இரண்டு குட்டிகளோடு. தயாநிதி வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு முதலாவது படத்துக்குத் திரும்பினான். கமராவைக் கட்டிவிட்டு வேணுகா எழும்பும்போது எடுபட்ட படம் அது. அவளுடைய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. கணுக்கால்வரை செம்மண். அதைப் பெரிதாக்கினான். சிறுத்தையைப் பார்த்ததைவிட நெடுநேரம் அந்தத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.