மங்காத கோடு

கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்துவிட்டால், டாக்ஸிகளைச் சவாரிக்கு அனுப்பும் வேலை பார்க்கும் அவள், அலுவலகத்து மைக்கில் அங்கேயே வண்டி ஓட்டும் புருஷனைக் கூப்பிட்டு, "உனக்கு வீட்டுச் சவாரி" என்பாள். இது அவர்களுக்குள் பேசிவைத்த ரகசியம். ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த மைக் எல்லா வண்டியிலும் கேட்கும். டிரைவர்கள் அத்தனை பேரும் கமுக்கமாகச் சிரிப்பார்கள். ஆமை என்று பட்டப்பெயர் வாங்கிய அவள் புருஷன் அன்றைக்கு மட்டும் பறந்து வருவான். குழந்தைக்காக அவர்கள் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தார்கள்.

அந்த மாதம் கோடு சீக்கிரமே விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் அதே கோடு. சரி, இருக்கட்டும் என்று திரும்பவும் கூப்பிட்டாள். ஒன்றிரண்டு நாளில் மங்கிப்போக வேண்டிய அந்தப் பாழாய்ப்போன கோடு, வாரம் திரும்பியும் மங்கவில்லை. இன்றுதான், இன்றுதான் என்று தினமும் சொன்னது. நாள் கடந்தும் மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பச் சோதனையோ இல்லை என்று கையை விரித்தது.

குச்சியில்தான் கோளாறு என்று ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள். ஒரே கோடு. அடுத்ததைத் தன் சிறுநீரில் நனைத்தாள். இரண்டாவது கோடு மெல்ல எழுந்து வந்தது, முதல் கோட்டைவிட அழுத்தமாக. குளியலறையில் தன்னோடு இன்னொருத்தி நிற்பதுபோல் முதுகு சில்லிட்டது. கண்ணாடியைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள். சொந்த உடம்பைக் கண்டே பயந்தாள், பாவம்.

புருஷனிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா இரண்டு தடவை ரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்த்த பிறகு உட்காரவைத்துச் சொன்னார். மாதவிலக்கு நிற்கும் காலம் அவளுக்கு வயதுக்கு முன்பே வந்துவிட்டது. முட்டைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன.

"தலையிலேருந்து சினைப்பைக்குக் கூப்பாடு போயிட்டே இருக்கும்மா. கேக்குறதுக்கு அங்க யாரும் இல்ல. பதில் வரலன்னு இன்னும் சத்தமா கூப்பிடுது. அதத்தான் குச்சி காட்டுது."

அவளுக்கு விளங்காதா? பதில் வராத வண்டியை விடாமல் கூப்பிடுகிற வேலைதானே அவளுக்கு. விளங்கியதுதான் கொடுமை.

அலுவலகத்துக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசையாக வண்டிகளை அனுப்பினாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. ஆனால் உள்ளே அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அது அவள் காதிலேயே விழுவதுபோல் இருந்தது.

சாயங்காலம் புருஷன் லைனில் வந்தான். "இன்னைக்கு நான் வரணுமா?" என்று கேட்டான். மற்ற வண்டிகள் காதைத் தீட்டிக்கொண்டன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். இத்தனை காதுகளுக்கு நடுவே எப்படிச் சொல்வாள்? வாயைத் திறக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வா," என்றது மைக்கில் ஒரு குரல். "இன்னைக்குத்தான்."

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அவள் விரல் மைக் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. பேசியது தான்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.